தோற்ற நாட்களின் தொலைபேசி

மலையில் வாழ்பவனுக்குக் கால்பந்து அவ்வளவாகப் பொருந்தாத விளையாட்டு. சேர்வராயன் மலையில் நூறு அடி நீளத்துக்குச் சமமான நிலம் வாய்ப்பதே அரிது. அப்படி வாய்த்த இடத்தில் ஓர் ஆலயமோ, பள்ளிக்கூடமோ, காப்பிக்கொட்டை உலர்த்தும் களமோ அமைந்துவிடும். என் இளமையில் நாங்கள் பந்து விளையாடியது அத்தகைய ஓர் உலர்களத்தில்தான். அதுவும் அறுவடை முடிந்து, களம் காலியாகி, மேற்பார்வையாளர் ஊரில் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில். பந்து களத்தின் விளிம்பைத் தாண்டினால் காப்பிச் செடிகளுக்கிடையே உருண்டோடும். சவுக்கு மரமோ சில்வர் ஓக் மரமோ தடுத்து நிறுத்தினால் எங்கள் புண்ணியம். இல்லையேல் ஓடைவரை போய்விடும். தேடப் போனவன் மூச்சிரைக்க மேலேறி வரும்வரை இரு அணியாரும் புல்லில் அமர்ந்து கதை பேசிக்கொண்டிருப்போம். உதைத்த நேரத்தைவிடக் காத்திருந்த நேரமே அதிகம்.

இதைச் சொல்வது என் ஆட்டத்திறனைப் பறைசாற்ற அன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு தோட்ட அலுவலகத்தில் வருகைப் பதிவேடும் பழம் நிறுத்த கணக்கும் எழுதியவன் நான். என் பேனா உழைத்த அளவுக்கு என் கால்கள் உழைத்ததில்லை. நான் பேச வந்தது விளையாடுகிறவனைப் பற்றியல்ல. வேலிக்கு வெளியே நின்று ஓர் அணிக்காக மனம் பதைக்கிறவனைப் பற்றி. இவனுக்குத் தமிழில் சரியான பெயர் இல்லை என்பது என் நெடுநாள் குறை. 'ரசிகன்' என்கிறோம். ரசிப்பவன் ரசிகன். ஆனால் தன் அணி வாரந்தோறும் தோற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறானே, அவன் எதை ரசிக்கிறான்? 'ஆதரவாளன்' என்றால் தேர்தல் வாடை வீசுகிறது. 'பற்றாளன்' என்று வேண்டுமானால் சொல்லலாம். பற்று என்ற சொல்லில் பிடித்துக்கொண்டிருப்பதும் உண்டு, விட முடியாமையும் உண்டு.

என்னை இந்தப் பற்றுக்குள் இழுத்தவன் என் தங்கையின் மகன். 2014ஆம் ஆண்டு இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது அவனுக்குப் பதினான்கு வயது. சென்னைக்கு ஓர் அணி. பெயர் சென்னையின் எஃப்.சி. அந்தப் பெயரே எங்களுக்குச் சிரிப்பை மூட்டியது. வேற்றுமை உருபோடு நிற்கும் அணி உலகில் வேறெங்கும் உண்டா என்று பங்கு ஆலயத் தமிழாசிரியர் ஒருவர் கேட்டார். 'சென்னையின்' என்றால் சென்னையின் எது? அந்த வினா இன்றுவரை தொங்கிக்கொண்டிருக்கிறது.

முதல் ஆண்டிலேயே புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெற்ற அணி, அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கொச்சியில் மூன்று கோல்கள் வாங்கி வந்தது. சென்னையில் நடந்த மறு ஆட்டத்தில் மூன்று கோல்களையும் திருப்பிக் கொடுத்தது. கூடுதல் நேரத்தில், இன்னும் சில நிமிடங்களே எஞ்சியிருக்கையில், கேரளத்துக்காக ஸ்டீபன் பியர்சன் ஒரு கோல் அடித்தார். பையன் தொலைக்காட்சிக்கு முன்னால் கல்லாகிப் போனான். அவன் தந்தை ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அவரும் அந்த அணியின்மேல் பற்று வைத்திருக்கிறார் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அடுத்த ஆண்டு நடந்தது விசித்திரம். பாதிப் பருவம் கடந்தபின்னும் பட்டியலின் அடியில் கிடந்த அணி மெல்ல எழுந்தது. 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. அரையிறுதியின் உள்ளூர் ஆட்டத்தைக்கூடப் புனேயில்தான் ஆட நேர்ந்தது. டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதியாட்டம். முடிவுக்கு மூன்று நிமிடங்கள் இருக்கையில் 1–2 எனப் பின்தங்கி நின்றவர்கள், கடைசி மூச்சில் இரு கோல்கள் பெற்று 3–2 என வென்றார்கள். கிறிஸ்து பிறப்புக்கு ஐந்து நாட்கள் முன்பு. பையன் குடிலின் கூரைமேல் அணியின் நீலக் கொடியை நட்டுவைத்தான். அவன் தந்தை அதை அகற்றவில்லை.

அந்தத் தந்தை 2017ஆம் ஆண்டின் நடுவில், நாற்பத்தெட்டு வயதில், மாரடைப்பால் காலமானார்.

அதன்பின் பையன் பேச்சை நிறுத்திவிட்டான். ஊமையாகிவிடவில்லை, கேட்டதற்குப் பதில் சொல்வான், சாப்பிடுவான், சேலத்தில் தான் படித்த கல்லூரிக்குப் போய்வருவான். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டான். முப்பதாம் நாள் திருப்பலியிலும் அழவில்லை. என் தங்கை என்னிடம், "அண்ணே, நீயாவது அவன்கிட்ட ஏதாவது பேசு" என்றாள். என்ன பேசுவது? எனக்குத் தெரிந்த விஷயங்கள் எல்லாம் காப்பி விலையோடு முடிந்துவிடும். ஆகவே பேசுவதற்குப் பதிலாக, கோயம்புத்தூருக்குப் போய் ஓர் ஆட்டம் பார்த்து வரலாமா என்று கேட்டேன்.

கோயம்புத்தூரில் அப்போது ஐ-லீக்கில் ஆடும் அணி ஒன்று இருந்தது. பெயர் சென்னை சிட்டி. பெயரில் சென்னை, இருப்பிடம் கோவை. 1946இல் நேதாஜி விளையாட்டுக் கழகம் என்று தொடங்கிய வேரிலிருந்து வந்தது. 2016–17 பருவத்தில் ஐ-லீக்கில் நுழைந்தது. அடுத்த பருவம் கோவை நேரு விளையாட்டரங்கைத் தன் களமாக்கிக்கொண்டது. சென்னைக்காரர்களுக்கு அது தொலைவில் இருந்தது. கோவைக்காரர்களுக்கு அதன் பெயர் தொலைவில் இருந்தது. இருவருக்கும் நடுவே ஏற்காட்டுக்காரர்களாகிய நாங்கள் புகுந்துகொண்டோம்.

ஒரு மாலை ஆட்டத்துக்காக நாங்கள் செய்த பயணத்தைச் சொன்னால் வாசகர்கள் எங்களைப் பைத்தியங்கள் என்பார்கள். காலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம். அங்கிருந்து சங்ககிரி, பவானி, பெருந்துறை, அவிநாசி வழியாகக் கோவை. ஏறத்தாழ 160 கிலோமீட்டர். காந்திபுரத்தில் இறங்கி வ.உ.சி. பூங்காப் பக்கம் நடந்தால் விளையாட்டரங்கு. ஆட்டம் முடிந்து திரும்பும்போது நள்ளிரவு தாண்டிவிடும்; மலைக்கு வண்டி இராது. சேலம் பேருந்து நிலையத்துச் சிமெண்டு இருக்கையில், கொசுவோடு போராடி, விடியற்காலை முதல் பேருந்துக்காகக் காத்திருப்போம். என் முழங்கால் அந்த இரவுகளை இன்னும் மறக்கவில்லை.

2017–18 பருவத்தில் நாங்கள் பார்த்த மூன்று ஆட்டங்களில் ஒன்றிலும் வெற்றியில்லை. பத்து அணிகளில் சென்னை சிட்டிக்கு எட்டாம் இடம். அதிலே எங்கள் கண்ணுக்கு விருந்தாயிருந்தவர் மைக்கேல் சூசைராஜ் என்ற நடுக்கள ஆட்டக்காரர். குமரி மாவட்டத்துத் தூத்தூர் கடற்கரைப் பகுதியைச் சேர்ந்தவர். அந்தக் கடலோரப் பங்குகளில் மணலில் பந்து உதைத்து வளர்ந்த பிள்ளைகள் பலர் இந்திய அணிகளில் ஆடியிருக்கிறார்கள். மீன்பிடி வலைக்கும் கோல் வலைக்கும் உறவு உண்டு என்று அப்பகுதியில் பணிசெய்த ஒரு குருவானவர் வேடிக்கையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். சூசைராஜை அடுத்த ஆண்டே ஜாம்ஷெட்பூர் அழைத்துக்கொண்டது. நன்றாக ஆடுகிறவன் போய்விடுவான் என்பது சிறிய அணியைப் பின்தொடர்பவன் கற்கும் முதல் பாடம்.

நாங்கள் பார்த்த முதல் ஆட்டத்தின் இரவு. தோல்வி. பேருந்தில் விளக்கணைத்துவிட்டார்கள். பவானியைத் தாண்டியிருப்போம். பையன் திடீரென்று, இரண்டாவது கோலுக்கு யார் காரணம் என்று பேசத் தொடங்கினான். இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன் ஏன் முன்னேறிப் போனான், நடுவில் இருந்தவன் ஏன் மூடவில்லை, பயிற்சியாளர் ஏன் மாற்றாட்டக்காரனை அவ்வளவு தாமதமாக இறக்கினார். எனக்குப் பாதி புரியவில்லை. "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன். சங்ககிரி நெருங்கும்போது சொன்னான்: "அப்பா இருந்திருந்தா, ரெண்டாவது கோலுக்கே டிவிய அணைச்சிட்டு வெளிய போயிருப்பாரு, மாமா."

ஆறு மாதங்களில் அவன் வாயிலிருந்து 'அப்பா' என்ற சொல் வந்தது அதுவே முதல் முறை. பிறகு சேலம் வரும்வரை அவரைப் பற்றியே பேசினான். சேலம் பேருந்து நிலையத்தில் அழுதான். பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர், பையனுக்கு என்ன என்று சைகையால் கேட்டார். "எங்க டீம் தோத்துப்போச்சுங்க" என்றேன். அவர் நம்பவில்லை.

அடுத்த பருவத்தைப் பற்றி எழுத எனக்கு நடுக்கமாக இருக்கிறது, மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினிலிருந்து வந்த சிலரும், பெத்ரோ மான்சி என்ற முன்கள ஆட்டக்காரரும், நம் ஊர்ப் பிள்ளைகள் பலரும் சேர்ந்த அணி. மான்சி 21 கோல்கள் அடித்தார். 2019 மார்ச் 9, சனிக்கிழமை, கடைசி ஆட்டம். கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு புள்ளி பின்னால் நின்றது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் எதிரணி, முந்தைய ஆண்டின் வாகையரான மினர்வா பஞ்சாப். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா கோல் அடித்துவிட்டது. இடைவேளைவரை அரங்கில் மயான அமைதி. பிறகு மான்சி ஒரு பெனால்டி. கௌரவ் போரா என்ற தடுப்பாட்டக்காரர் இரண்டு கோல்கள். 3–1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றிருந்தது. 43 புள்ளிக்கு 42. நூற்றாண்டு நெருங்கிய கொல்கத்தாக் கழகத்தைப் பின்தள்ளி, ஐ-லீக்கில் மூன்றாம் பருவமே ஆடிய ஒரு தமிழ்நாட்டு அணி இந்தியாவின் வாகையர் ஆயிற்று.

பையன் தொண்டை கட்டும்வரை கத்தினான். முன்பின் அறியாத ஒருவர் என்னைத் தூக்கிச் சுற்றினார். ஆனால் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். திரும்பும் பயணத்தில் பையன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவிநாசி வருமுன்பே என் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டான். சேலத்தில்தான் எழுப்பினேன்.

அதே பருவத்தில் சென்னையின் எஃப்.சி. என்ன செய்துகொண்டிருந்தது? 2018 மார்ச்சில் பெங்களூருவில் இறுதியாட்டத்தை 3–2 என வென்று இரண்டாம் முறை கோப்பை ஏந்திய அவ்வணி, அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் வெறும் 9 புள்ளிகள் பெற்றுப் பட்டியலின் கடைசியில் கிடந்தது. ஒரே மாநிலம், ஒரே ஆண்டு; ஒன்று தன் லீக்கின் உச்சியில், மற்றது தன் லீக்கின் அடியில். வேறு நாடாக இருந்தால் மேலே கிடந்தது கீழே இறங்கும், கீழே இருந்தது மேலே ஏறும். இங்கே அன்று அந்த ஏணி இல்லை. சூப்பர் லீக்கில் கடைசியில் வந்தாலும் இறங்க வேண்டியதில்லை. ஐ-லீக்கில் முதலில் வந்தாலும் ஏற முடியாது. 2019–20 முதல் சூப்பர் லீக்கே நாட்டின் முதல் லீக் என்றும் ஆகிவிட்டது. வாகையர் பட்டம் வாங்கிய கையோடு எங்கள் அணி இரண்டாம் வரிசைக்குத் தள்ளப்பட்டது. ஐ-லீக் வாகையருக்கு மேலே செல்லும் கதவு 2022–23 பருவத்தில்தான் திறந்தது. அதில் முதலில் நுழைந்தது எந்த அணி தெரியுமா? பெயர் மாறிய அதே பஞ்சாப் அணி. 2019இல் கோவையில் எங்களிடம் தோற்றவர்கள். அவர்களிடம் எனக்குக் கோபமில்லை. பொறாமை உண்டு.

அதற்குள் சென்னை சிட்டி கரைந்துவிட்டது. சுவிட்சர்லாந்தின் பாசெல் கழகம் 26 விழுக்காடு பங்கு வாங்கியபோது ஐரோப்பாவே மலையேறி வந்துவிட்டதாக மகிழ்ந்தோம். ஆனால் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். நெஸ்டர் கோர்டியோ ஹைதராபாத்துக்கு. மான்சி 2020 ஜனவரியில் ஜப்பானுக்கு. அலெக்சாண்டர் ஜேசுராஜ் கோவாவுக்கு. ஆசிய வாகையர் போட்டியின் தொடக்கச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0–1 எனத் தோற்று வந்தார்கள். பின் கொரோனா. 2021இல் ஐ-லீக் முழுவதும் வங்காளத்திலேயே, பார்வையாளர் இன்றி நடந்தது. 2021–22 பருவத்தின் அட்டவணை வெளிவந்தபோது அதில் சென்னை சிட்டி இல்லை. பிரியாவிடை ஆட்டமில்லை, கடைசி விசில் இல்லை. மரணம் என்றால் அடக்கம் உண்டு, கல்லறை உண்டு, நவம்பர் 2ஆம் நாள் மெழுகுதிரி உண்டு. இதற்கு ஒன்றுமில்லை. என் மருமான் அட்டவணையை மூன்று முறை மேலும் கீழும் படித்துவிட்டு, "பேரே இல்ல மாமா" என்றான்.

இந்தியக் கால்பந்தில் இது புதிதன்று. 1996–97இல் முதல் தேசிய லீக்கை வென்ற பஞ்சாபின் ஜே.சி.டி. 2011இல் மூடப்பட்டது. மும்பையின் மஹிந்திரா யுனைடெட் அதற்கு முந்தைய ஆண்டு. ஒரு முதலாளியின் கணக்கேட்டில் வரவைவிடச் செலவு கூடினால், ஆயிரம் பேரின் ஞாயிற்றுக்கிழமை மறைந்துவிடும். கணக்கெழுதிப் பிழைத்தவன் என்பதால் முதலாளிகளின் தரப்பும் எனக்குப் புரியாமல் இல்லை. தொலைக்காட்சிப் பணம் மேல் லீக்குக்கே போகிறது. நுழைவுச்சீட்டுப் பணம் ஆட்டக்காரர்களின் பேருந்துக்கே போதாது. இந்த நிலையில் ஒருவர் எத்தனை ஆண்டு கைப்பணம் போடுவார்?

இங்கிலாந்தில் விம்பிள்டன் கழகத்தைச் சுமார் 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மில்டன் கீன்ஸ் நகருக்கு மாற்ற 2002இல் அனுமதி கிடைத்தபோது, அதன் பற்றாளர்கள் தாங்களே ஒரு புதிய கழகம் தொடங்கினார்கள். கீழ்மட்டத்தில் ஆரம்பித்து 2011இல் ஃபுட்பால் லீக் பிரிவுகளுக்குள் ஏறிவந்தார்கள். இதை மருமானிடம் சொன்னேன். "நாம ரெண்டு பேருதான் மாமா இருக்கோம், கோல்கீப்பர் நீங்களா?" என்றான்.

எஞ்சியது சென்னையின் எஃப்.சி. அதைப் பின்தொடர்வது கோயம்புத்தூர்ப் பயணத்தைப் போன்றதன்று. உடல் நோகாது, மனம்தான் நோகும். 2019–20 பருவத்தில் பாதியில் வந்த ஓவன் கோய்ல் அணியை அடித்தளத்திலிருந்து இறுதியாட்டம்வரை தூக்கி நிறுத்தினார். 2020 மார்ச் 14 அன்று, கொரோனா அச்சத்தால் ஓர் ஆளும் இல்லாத அரங்கில், ஏ.டி.கே. அணியிடம் 1–3 எனத் தோற்றார்கள். சில மாதங்களில் கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். கோல் மன்னர் வால்ஸ்கிஸும் அங்கேயே. அவர்கள் 2021–22இல் லீக் கேடயம் வென்றார்கள். எங்களுக்கு? 2020–21இல் எட்டாம் இடம். 2021–22இல் எட்டாம் இடம். 2022–23இல் எட்டாம் இடம். ஒவ்வோர் ஆண்டும் ஒரு புதிய பயிற்சியாளர், ஒரு புதிய நாடு, ஒரு புதிய தத்துவம். இடம் மட்டும் மாறவில்லை. எங்களிடம் இருந்தபோது வாய்ப்புகளை வீணாக்கிய சாங்டே, மும்பைக்குப் போனதும் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவரானார். எங்கள் கண்முன் வளர்ந்த அனிருத் தாபா மோகன் பகானுக்குப் போனார். கோய்ல் திரும்பிவந்து 2023–24இல் ஆறாம் இடத்துக்கு உயர்த்தினார்; நம்பிக்கை துளிர்த்தது. 2024–25இல் 13 அணிகளுள் 11ஆம் இடம்.

தொடர்ந்து கடைசியில் வருபவனைவிட எட்டாம் இடத்தில் நிற்பவனின் துன்பம் நுட்பமானது என்பது என் கருத்து. கடைசியில் வருகிறவனுக்கு ஒரு பெருமிதமாவது உண்டு. எட்டாம் இடத்துக்காரனைப் பார்த்து இரங்குவாரும் இல்லை.

இந்த ஆண்டுகளில் மருமான் படிப்பு முடித்து ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, பிறகு பெங்களூருக்கு மாறிவிட்டான். அங்கே வெற்றி பெறுகிற அணி ஒன்று உண்டு. அறை நண்பர்கள் எல்லாரும் அதன் பக்கம். மாறிவிடப்பா என்று நானே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "பங்கு மாத்துற மாதிரி அணி மாத்த முடியாது மாமா" என்றான். பங்கு மாற்றுவது மட்டும் என்ன எளிதா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

இங்கே எனக்கு மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் நினைவுக்கு வருகிறார். அவர் பியூனஸ் அயர்ஸ் நகரின் சான் லொரென்சோ கழகத்தின் சந்தா கட்டிய உறுப்பினர். 1908இல் அந்தக் கழகத்தின் பிறப்புக்குக் காரணமாயிருந்தவர் லொரென்சோ மாசா என்ற சலேசிய சபைக் குரு. தெருவில் டிராம் வண்டிகளுக்கிடையே பந்து உதைத்த சிறுவர்களுக்குத் தம் ஆலய வளாகத்தைத் திறந்துவிட்டவர். நம் ஏற்காட்டிலும் சலேசியர் இருப்பதால் இதை இங்குச் சொல்வதில் ஒரு சொந்தம் இருக்கிறது. அந்தக் கழகம் 1979இல் தன் பழைய அரங்கை இழந்தது. அந்த இடத்தில் பின்னர் ஒரு பேரங்காடி எழுந்தது. 1981இல் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. பெரிய கழகம் ஒன்றுக்கு நேர்ந்த அந்தச் சிறுமைக்குப் பிறகு கூட்டம் குறையும் என்று எண்ணியிருப்பார்கள். மாறாக, இரண்டாம் பிரிவு ஆட்டங்களுக்குப் பெருங்கூட்டம் திரண்டது. 1993இல்தான் சொந்த அரங்கு மீண்டும் கிடைத்தது. திருத்தந்தையோ 1990இல் கார்மேல் அன்னைக்குச் செய்த வாக்கின்படி தொலைக்காட்சி பார்ப்பதையே விட்டவர். தம் அணியின் முடிவுகளை வத்திக்கானில் சுவிஸ் காவலர் ஒருவர் சொல்லக் கேட்டறிந்தார். ஆட்டத்தையே பாராமல் ஓர் அணியின்மேல் பற்று வைத்திருந்த மனிதர்! 2014இல் அது தென்னமெரிக்கக் கோப்பையை வென்றபோது ஆட்டக்காரர்கள் கோப்பையோடு அவரிடம் சென்றார்கள். அவருடைய உறுப்பினர் எண் 88235. 2025 ஏப்ரலில் தம் 88ஆம் வயதில், அர்ஜென்டினா நேரப்படி 2.35க்கு அவர் இறந்தார் என்று மருமான் செய்தி அனுப்பினான். எண்களில் அருங்குறி தேடும் வழக்கம் எனக்கில்லை. ஆனாலும் அச்செய்தியை அழிக்க மனம் வரவில்லை.

மருமானுக்கும் எனக்கும் இடையில் இப்போதிருப்பது தொலைபேசி. அதிலும் ஒரு வழக்கம் தானாக அமைந்துவிட்டது. அணி வென்றால் ஒரு குறுஞ்செய்தி வரும்: மூன்று சொற்கள், ஓர் ஆச்சரியக்குறி. தோற்றால் அழைப்பான். முதலில் தடுப்பாட்டக்காரர்களைத் திட்டுவான், பிறகு நடுவரை, பிறகு தன் மேலதிகாரியை. அதற்குப் பிறகு, சங்ககிரி தாண்டியதும் பேசுவானே, அந்தப் பேச்சு வரும். வேலை நிலையாகுமா என்ற கவலை, அறையின் வாடகை, ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லியும் சொல்லாமலும் ஒரு தயக்கம், அம்மாவின் இரத்த அழுத்தம், சில நேரம் அப்பா. பன்னிரண்டு மணிவரை பேசிய நாட்கள் உண்டு. மலையில் பனிமூட்டம் இறங்கினால் அலைபேசிக்குக் குறி கிடைக்காது. வாசலுக்கு வந்து, போர்வை போர்த்திக்கொண்டு, கொய்யா மரத்தடியில் நின்று பேசுவேன்.

இதை என் தங்கை கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்குக் கால்பந்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்பதே தெரியாது. ஆனால் ஆட்ட நாட்களில் என் வீட்டுப் பக்கம் வந்து, "அண்ணே, இன்னைக்குத் தோத்துருவாங்கல்ல?" என்று ஆவலோடு கேட்பாள். முதல் முறை எனக்குச் சுருக்கென்றது. என் அணி தோற்க வேண்டுமென்று என் கூடப்பிறந்தவளே செபிப்பதா? பிறகு யோசித்தேன். அவளிடம் அவன் தினமும் பேசுகிறான்; "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா" என்பதோடு முடிந்துவிடுகிறது. அவன் உள்ளம் எப்படி இருக்கிறது என்று அவள் அறிவது, தோற்ற நாளுக்கு மறுநாள் காலை, நான் சொல்லும் செய்தியிலிருந்துதான். எல்லாவற்றையும் நான் சொல்வதில்லை. அந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவன் சொல்லட்டும்.

இப்படியிருக்கையில் 2025 ஜூலையில் சூப்பர் லீக்கே நிறுத்திவைக்கப்பட்டது. லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் தேசியச் சம்மேளனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிவதாயிருந்தது, புதுப்பிக்கவில்லை. ஆகஸ்டில் எங்கள் அணி தன் முதன்மை அணியின் வேலைகளையே தற்காலிகமாக நிறுத்தியது. ஒருமுறை அட்டவணையில் பெயர் காணாமல் போனதைப் பார்த்தவர்களுக்கு இது என்ன கலக்கத்தைத் தரும் என்று சொல்லவேண்டியதில்லை. இம்முறை அட்டவணையே இல்லை.

செப்டம்பரில் தொலைபேசி அமைதியாயிற்று. பையன் சுணங்கிவிடவில்லை, குறுஞ்செய்தி அனுப்பினான், மலையில் மழையா என்று கேட்டான். ஆனால் அழைப்பதற்குக் காரணம் ஒன்றுமில்லை. இரு ஆண்கள் காரணமின்றிப் பேசிக்கொள்வது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. நானே ஒருமுறை அழைத்தேன். நான்கு நிமிடம். காப்பி விலை கேட்டான், சொன்னேன்.

அக்டோபர் இறுதியில் கோவாவில் சூப்பர் கோப்பைப் போட்டி நடந்தது. புதிய பயிற்சியாளர் கிளிஃபோர்டு மிராண்டாவின்கீழ், இந்திய ஆட்டக்காரர்களை நம்பி எங்கள் அணி சென்றது. முதலில் மோகன் பகானிடம் தோல்வி. மூன்று நாட்கள் கழித்து ஈஸ்ட் பெங்கால். கோவையில் ஒரு புள்ளியில் நாங்கள் பின்தள்ளிய அதே ஈஸ்ட் பெங்கால்! 0–4. நான்காவது கோல் விழுந்தபோது என் தங்கை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "எத்தனை?" என்றாள். "நாலு" என்றேன். அவள் முகம் மலர்ந்ததை மறைக்கக்கூட முயலவில்லை. அன்றிரவு ஒரு மணி நேரம் பத்து நிமிடம் பேசினான்.

2026 ஜனவரி முதல் வாரத்தில் மத்திய விளையாட்டு அமைச்சர், 14 அணிகளோடும் பிப்ரவரி 14 அன்று லீக் தொடங்கும் என்று அறிவித்தார். சுருக்கப்பட்ட பருவம், அணிகள் ஒன்றையொன்று ஒருமுறை மட்டுமே சந்திக்கும். மருமான் அழைத்துச் சொன்னான். தோற்காமலே அழைத்தது அதுதான் முதல் தடவை என்று பிறகுதான் உறைத்தது. நான்கு நாளில் திருநீற்றுப் புதன் வருகிறது, தவக்காலத்துக்கு ஏற்ற அணிதான் நமக்கு வாய்த்திருக்கிறது என்று சொன்னேன், சிரித்தான்.

மறுநாள் தங்கையிடம் சொன்னேன். அவள் சமையலறைச் சுவரிலிருந்து மறைமாவட்ட நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். ஆட்ட நாட்கள் தெரிந்ததும் ஒவ்வொன்றையும் இதில் குறித்துக் கொடுக்க வேண்டும் என்றாள். சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டுக் காட்டி, குறித்துத் தருகிறேன் என்றேன்.

"பேனா வேண்டாண்ணே, பென்சில்ல எழுது. மறுபடி நிறுத்திட்டாங்கன்னா அழிச்சிக்கலாம்."